இம்பெல்லர் மாற்றிய கையோடு: என் ஸ்கிம்மரின் மூன்று வருடக் கணக்கு

நேற்று இரவு பத்தரை மணிக்கு என் கடல் மீன் டேங்கின் ஸ்கிம்மர், அதாவது தண்ணீரில் இருக்கும் கழிவை நுரையாக்கி வெளியே தள்ளும் கருவி, மறுபடி ஓட ஆரம்பித்தது. இருபத்து மூன்று நாள் அது இல்லாமல் தள்ளியிருந்தேன். பம்புக்குள் சுழலும் சக்கரமான இம்பெல்லரைப் புதிதாக உள்ளே இறக்கி, மேலே அழுக்கு சேரும் கப்பைப் பொருத்தி, சுவிட்சைப் போட்டதும் குழாய்க்குள் பால் பொங்கி வருவது போல வெள்ளை நுரை ஏறியது. அதைப் பார்த்தபடி ரொம்ப நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் மதுரையிலிருந்து நண்பனின் செய்தி வந்தது. "நானும் கடல் தண்ணி டேங்க் வைக்கப் போறேன்டா. ஸ்கிம்மர் கட்டாயம் வேணுமா, கேனிஸ்டரே போதுமா?" கேனிஸ்டர் என்றால் தண்ணீரை ஒரு மூடிய டப்பாவுக்குள் விட்டு வடிகட்டும் ஃபில்டர். அவனுக்கு எழுத ஆரம்பித்த பதில்தான் இது.

என்னுடையது நாலடி டேங்க், சுமார் 250 லிட்டர். ஸ்டாண்டுக்குள் மூன்று அறை வைத்த சம்ப், அதாவது ஃபில்டர் சாமான்கள் நிற்கும் கீழ்த் தொட்டி. ஒரு ஜோடி கோமாளி மீன், இரண்டு நீல டேம்சல், மணலைக் கிளறிக்கொண்டே இருக்கும் ஒரு கோபி, ஒரு கிளீனர் இறால். பவளம் வைக்கவில்லை, வைக்கவும் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் பாறை கட்டும் பவளங்கள் எல்லாவற்றையும் சேர்த்துவிட்டார்கள். மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டு பவளம் எடுத்து வந்து கண்ணாடித் தொட்டியில் வைத்தாலும் அது குற்றம்தான்.

ஃபில்டர் விஷயத்தில் இதை ஏன் இழுக்கிறேன் என்றால், வெளிநாட்டில் பலரும் பின்பற்றும் 'பெர்லின் முறை' உயிர்ப்பாறையையும் (கடலிலிருந்து எடுக்கும் இறந்த பவளப் பாறைத் துண்டு) ஸ்கிம்மரையும் நம்பி நடப்பது. அந்தப் பாறையின் துளைகளில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் பாதி வேலையைச் செய்துவிடும். நம்மிடம் அந்தப் பாறை இல்லை. சம்ப்பில் கொட்டிய பீங்கான் வளையங்களில்தான் பாக்டீரியாவைக் குடியேற்ற வேண்டும். எனக்கு அதற்கே ஆறு வாரம் ஆனது. அதனால் அழுகுவதற்கு முன்பே கழிவை வெளியே தள்ளும் ஒரு கருவி இருந்தால் நிம்மதி.

கேனிஸ்டரையும் எட்டு மாதம் வைத்திருந்தேன். கெட்ட சாமான் இல்லை, தண்ணீரைக் கண்ணாடி போல வைத்திருக்கும். ஆனால் அது பிடிக்கிற சாப்பாட்டுத் துணுக்கும் மலமும் அந்த மூடிய டப்பாவுக்குள்ளேயேதான் கிடக்கும், தண்ணீரும் அதன் வழியாகவே ஓடிக்கொண்டிருக்கும். அம்மோனியா நைட்ரைட்டாகி, நைட்ரைட் நைட்ரேட்டாகி, எல்லாம் மறுபடி டேங்குக்கே வந்து சேரும். வாரம் ஒரு முறை திறந்து கழுவினால் பிரச்சினை இல்லை. குழாய்களைக் கழற்றி, ஹாலெல்லாம் தண்ணீர் சிந்தி, வாராவாரம் அதைச் செய்கிற ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஸ்கிம்மர் வேலை செய்யும் விதமே வேறு. 2019 டிசம்பரில் மெரினா கரை முழுக்க வெள்ளை நுரை ஒதுங்கி, குழந்தைகள் அதில் விளையாடிய படங்களைப் பார்த்திருப்பீர்கள். மழைத் தண்ணீரோடு போன சாக்கடையும் சோப்புத் தண்ணீரும் அலையில் அடிபட்டு நுரைத்தது அது. அதே சங்கதியை ஒரு குழாய்க்குள் வேண்டுமென்றே நடத்துவதுதான் ஸ்கிம்மர். பம்பில் இருக்கும் ஊசிச் சக்கரம் (இம்பெல்லர்தான் அது) காற்றைப் பொடிப்பொடியாக நறுக்கித் தண்ணீரில் கலக்கிறது. உப்புத் தண்ணீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகாமல் சின்னதாகவே நிற்கும். நல்ல தண்ணீரில் அப்படி நிற்காது. புரதம், கொழுப்பு போன்ற கழிவுகள் குமிழியின் மேல் ஒட்டிக்கொண்டு, நுரையோடு ஏறி, மேலே கப்பில் விழுந்துவிடும். அழுகி அம்மோனியா ஆவதற்கு முன்னால் அழுக்கு தண்ணீரை விட்டே போய்விடுகிறது.

அந்தக் கப்பைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். முதல் வாரம் வெளிறிய டீ மாதிரி வந்தது. நுரையின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு கைக்குப் பழகிய பிறகு முதல் டிக்காஷன் நிறத்துக்கு வந்துவிட்டது. கப்பின் கழுத்தில் பச்சையும் கறுப்பும் கலந்த களிம்பு படியும், கருவாட்டையும் சாக்கடையையும் சேர்த்த நாற்றம் அடிக்கும். மூன்று நாளுக்கு ஒரு முறை அதைக் கழுவி ஊற்றும்போது, இது அத்தனையும் அந்த மீன்கள் மூச்சு விடும் தண்ணீரில் இருந்தது என்று நினைத்துக்கொள்வேன். ஒரு நாள் தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்த கையோடு தொட்டியில் இருந்த சாதாரணப் பாறையை நகர்த்தினேன். அடுத்த நிமிடமே நுரை அப்படியே அடங்கிவிட்டது, மறுபடி ஏற இரண்டு மணி நேரம் ஆனது. என் கையில் மிச்சமிருந்த கொஞ்சம் எண்ணெய் 250 லிட்டரில் என்ன செய்கிறது என்று கண்ணாலேயே பார்த்தேன். அன்றிலிருந்து சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவி, நன்றாக அலசாமல் தொட்டியில் கை விடுவதில்லை.

இனி கோபம்.

18,000 ரூபாய் கொடுத்து வாங்கிய இந்தக் கருவிக்குக் கரண்ட் போய் வந்தால் என்ன செய்வதென்று தெரியாது. கரண்ட் நின்றதும் மேல் டேங்கிலும் குழாய்களிலும் இருக்கும் தண்ணீர் சம்ப்புக்கு இறங்கும். அங்கே மட்டம் எட்டு, பத்து சென்டிமீட்டர் ஏறிவிடும். என் ஸ்கிம்மர் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்க வேண்டிய சாமான். கரண்ட் வந்த அந்த நொடியே, முப்பது சென்டிமீட்டர் தண்ணீரில் நின்றபடி அது ஓட ஆரம்பிக்கும். நுரைக்குப் பதில் தண்ணீரே கப்புக்குள் ஏறி வழியும். மூன்று நாளாகச் சேர்த்த டிக்காஷன் மொத்தமும் சம்ப்புக்கே திரும்பிப் போகும். முதல் கோடையில் மட்டும் ஐந்து தடவை இது நடந்தது. ஒரு தடவை நாங்கள் ஊருக்குப் போயிருந்தோம். திரும்பி வந்து கதவைத் திறந்ததும் அந்த நாற்றம்தான் வரவேற்றது. கோமாளி இரண்டும் மூலையில் ஒட்டிக்கொண்டு வேகவேகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன.

மூன்று நிமிடம் தாமதித்து ஓடச் செய்யும் ஒரு சின்ன சர்க்யூட் போதும். அதற்குள் ரிட்டர்ன் பம்ப் தண்ணீரை மேலே ஏற்றி மட்டத்தைச் சரியாக்கிவிடும். கரண்டே போகாத ஊர்களை மனதில் வைத்துச் செய்த கருவி, அது அவர்கள் குற்றமில்லை என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆனால் இங்கே கொண்டுவந்து இங்கே விலை போட்டு விற்கிறார்கள் அல்லவா? கடைசியில் ஃப்ரிட்ஜுக்கு வைத்திருந்த பழைய ஸ்டெபிலைசரை எடுத்து ஸ்கிம்மருக்குக் கொடுத்தேன். கரண்ட் வந்து மூன்று நிமிடம் கழித்துத்தான் அது சப்ளை விடும். அதன் பிறகு ஒரு தடவைகூட வழியவில்லை.

தினசரி ஆவியாதலும் இதே கதைதான். சம்ப்பின் முதல் அறையில் ஸ்கிம்மர் நுழையவில்லை. பம்ப் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அளவை அட்டைப்பெட்டியில் போடவில்லை. அதனால் ரிட்டர்ன் பம்ப் இருக்கும் அறையில் நிற்கிறது. மே மாதம் ஃபேன் ஓடினால் நாளுக்கு நாலு லிட்டர் குறையும், அந்த அறையில் கிட்டத்தட்ட மூன்று சென்டிமீட்டர். சாயங்காலம் நுரை படுத்துவிடும். ஒரு மிதவை வால்வும் 20 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீர் கேனும் வைத்ததும் சரியாகிவிட்டது. காற்றுக் குழாயில் உப்பு அடைக்கும். வாரம் ஒரு முறை ஒரு டம்ளர் வெந்நீரை உறிஞ்ச விட்டால் போதும்.

சரி, இந்த இருபத்து மூன்று நாள். பம்ப் கர்ரென்று இழுத்து நின்றுவிட்டது. சுண்ணாம்பு படிந்திருக்கும் என்று வினிகரில் ஊறவைத்தேன், பலனில்லை. வாங்கிய கடையில் கேட்டால் இம்பெல்லர் தனியாக வராது, முழு பம்பாக 7,800 ரூபாய், அதுவும் எப்போது வரும் என்று தெரியாது என்றார்கள். ஒவ்வொரு ஃபோனுக்கும் "அடுத்த வாரம் சார்". கடைசியில் சென்னை கொளத்தூரில் எனக்கு சம்ப் ஒட்டிக் கொடுத்த அண்ணனிடம் கொண்டுபோனேன். கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மேக்னட் ஊதிடுச்சு தம்பி, பீங்கான் ராடும் உடைஞ்சிருக்கு. இதைச் சுரண்டிப் பிரயோஜனமில்ல" என்றார். அதே அளவில் வேறொரு பம்பின் இம்பெல்லரைத் தேடிக் கொடுத்தார். 1,400 ரூபாய்.

ஸ்கிம்மர் இல்லாத மூன்றாம் நாளே தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் கட்டியது. விடிகாலையில், விளக்குப் போடும் முன், டேம்சல்கள் தண்ணீர் வந்து விழும் குழாயருகே போய் நின்றன. ஸ்கிம்மர் தண்ணீருக்குள் காற்றையும் ஏற்றிக்கொண்டிருந்தது அப்போதுதான் உறைத்தது. பத்துக்குள் இருந்த நைட்ரேட் 25ஐத் தொட்டது. வாரம் இரண்டு முறை 50 லிட்டர் மாற்றினேன், ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய 1.8 கிலோ உப்பு. முதுகு போய்விட்டது. ஆனால் ஒரு மீன்கூடச் சாகவில்லை. இதையும் சொல்ல வேண்டும்.

அதனால் நண்பனுக்கு என் பதில்: வாங்காதே. உன்னுடையது இரண்டடி டேங்க், ஐம்பத்தைந்து லிட்டர்தான் பிடிக்கும், இரண்டே கோமாளி. வாரம் பத்து லிட்டர் மாற்று, பஞ்சை மூன்று நாளுக்கு ஒரு முறை அலசு, போதும். பிறகு நாலடிக்குப் போனாலும் நான் வைத்திருக்கும் இந்த மாடல் வேண்டாம். கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது இம்பெல்லர் தனியாகக் கிடைக்குமா என்பதுதான். கிடைக்கும் என்றால் அன்றைக்கே ஒன்றைச் சேர்த்து வாங்கு. இல்லை என்றால் ஸ்கிம்மரை அங்கேயே வைத்துவிட்டு வா.

நேற்று இரவு ஓடவிட்டது. காலை ஆறு மணிக்குப் பார்த்தபோது கப் கழுத்து வரை நிறைந்திருந்தது, கறுப்பாக. கழுவி வைத்தேன். மத்தியானத்துக்குள் மறுபடி பாதி வந்துவிட்டது. டேம்சல் இரண்டும் குழாயை விட்டுப் பாறைக்குத் திரும்பிவிட்டன.