பத்து ரூபாய்க்கு எந்தக் கலர்?

எங்கள் வீட்டில் 'கலர்' என்றால் எல்லாம் அடக்கம். கோலா, ஆரஞ்சு, திராட்சை, எதுவானாலும் கலர்தான். "விருந்தாளி வந்திருக்காங்க, ஓடிப்போய் ரெண்டு கலர் வாங்கிட்டு வா" என்று அம்மா விரட்டினால், எந்தக் கம்பெனி என்று கேட்டதே இல்லை. அண்ணாச்சி எதை எடுத்து நீட்டுகிறாரோ அதுதான். இப்போது அதே கடையில் போய் நின்றால் அவரே திருப்பிக் கேட்கிறார்: "கோக்கா, தம்ஸ் அப்பா, காம்பாவா, பவண்டோவா?"

இந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லலாமே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரியாணி வந்து இறங்கிய கையோடு சோதனை வைத்தோம். நாலு எவர்சில்வர் டம்ளர், அடியில் மார்க்கரால் எண். ஊற்றியவள் சித்தப்பா மகள்; எதில் எது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். குடித்தவர்கள் ஐந்து பேர். பவண்டோவை ஐந்து பேருமே வாயில் வைக்குமுன் மோந்து பார்த்தே சொல்லிவிட்டோம். தம்ஸ் அப்பை மூன்று பேர் பிடித்தார்கள், தொண்டையில் சுர்ரென்று ஏறியதை வைத்து. கோக்கையும் காம்பாவையும் இரண்டு பேர் மாற்றிச் சொன்னார்கள். அதில் ஒருவர், கோக் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்று ஆயுசு முழுக்கச் சொல்லிவரும் மச்சான். அன்று சாயங்காலம் வரை அவரை நாங்கள் விடவில்லை.

ருசியில் தனியாக நிற்பது பவண்டோ மட்டுமே. மற்ற மூன்றும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். பவண்டோ பக்கத்துத் தெரு. கோலா மாதிரி கறுப்பு, ஆனால் மூக்குக்கு வருவது திராட்சை வாசம். பி.வி.எஸ்.கே. பழனியப்ப நாடார் விருதுநகரில் 1916-ல் தொடங்கிய காளிமார்க்கின் சரக்கு. தம்ஸ் அப்பும் காம்பாவும் பிறக்கும்போது பவண்டோ ஏற்கெனவே நம் கல்யாணப் பந்திகளில் உட்கார்ந்திருந்தது. ஜல்லிக்கட்டுப் போராட்டம் ஓய்ந்த கையோடு, 2017 மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்கமாட்டோம் என்று தமிழக வணிகர் சங்கங்கள் அறிவித்தபோது பலரும் தேடிப்போனதும் இதைத்தான். திருநெல்வேலி பக்கம் கங்கைகொண்டானில் இருக்கும் குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் தரக்கூடாது என்ற வழக்கை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தள்ளுபடி செய்தது அதற்கு மறுநாள். அந்த வாரம் தெருவில் எல்லாரும் பொருளாதார நிபுணர்கள்.

சுதேசி என்று பேச ஆரம்பித்தால்தான் வேடிக்கை. இந்தியாவுக்கு 1950 வாக்கில் கோக்கைக் கொண்டுவந்து பாட்டிலில் அடைத்து விற்றதே பியூர் டிரிங்க்ஸ் என்ற நம் நாட்டுக் கம்பெனி. 1977-ல் ஜனதா ஆட்சி. இந்தியக் கிளையில் அந்நியப் பங்கை 40 சதவீதமாகக் குறை, ரகசியச் செய்முறையையும் கொடு என்று அரசு நெருக்க, கோக் மூட்டை கட்டிவிட்டது. பியூர் டிரிங்க்ஸ் கையில் தொழிற்சாலை இருக்கிறது, அடைக்கத்தான் சரக்கு இல்லை. அப்படிப் பிறந்ததுதான் காம்பா கோலா. அதாவது இந்திய ருசி என்று மார்தட்டிய கோலா, கோக் காலி செய்த வீட்டிலேயே குடியேறியது. பார்லே கம்பெனி தம்ஸ் அப்பைக் கொண்டுவந்ததும் அதே 1977-ல்தான். அரசாங்கம்கூட 'டபுள் செவன்' என்று ஒன்றை இறக்கிப் பார்த்தது. அதைக் குடித்தேன் என்று சொல்லும் ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

1993-ல் கோக் திரும்பி வந்ததும் செய்த முதல் காரியங்களில் ஒன்று, பார்லேயிடமிருந்து தம்ஸ் அப்பை வாங்கியது. ஆக கோக்கை வேண்டாம் என்று தம்ஸ் அப்புக்கு மாறுகிறவர், ஒரே கல்லாவில் காசைப் போடுகிறார். காம்பா மெல்ல மெல்லக் காணாமல் போனது. 2022-ல் ரிலையன்ஸ் அந்தப் பெயரை வாங்கி, 2023-ல் மறுபடி கடைக்கு அனுப்பியது: 200 மில்லி, பத்து ரூபாய். பெரிய கம்பெனிகளின் 250 மில்லி பாட்டில் இருபது ரூபாய்க்குப் போய்க்கொண்டிருந்த நேரம். மில்லிக்கு எட்டுப் பைசா எங்கே, ஐந்து பைசா எங்கே! பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்கு இந்தக் கணக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். விலைக்கு மட்டும் மதிப்பெண் என்றால் காம்பாவுக்குத்தான் முதலிடம். ஆனால் நாட்டின் மிகப் பெரிய வணிகக் குழுமங்களில் ஒன்று விற்கும் பாட்டிலைச் 'சின்னவன் பெரியவனை எதிர்க்கிறான்' என்று கதை கட்டுவது எனக்குச் செரிக்கவில்லை. அந்தக் கதை காளிமார்க்குக்கு வேண்டுமானால் பொருந்தும்.

நட்சத்திரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் தம்பிமார்கள் கோபித்துக்கொள்வார்கள். விஜய் ஒரு காலத்தில் கோக் விளம்பரத்தில் வந்தார். 2014-ல் தண்ணீரை உறிஞ்சும் குளிர்பானக் கம்பெனியை எதிர்க்கும் கதாநாயகனாகவும் வந்தார். அஜித்தின் கார் பந்தய அணியோடு கைகோத்திருப்பது காம்பா எனர்ஜி. எங்கள் தெருவில் இதை வைத்தே ஒரு சண்டை நடந்தது. இருவர் கையிலும் அப்போது இருந்தது டீ.

சர்க்கரையில் ஜெயித்தவர் யாரும் இல்லை. இந்த மாதிரிக் கலர்களில் 100 மில்லிக்குப் பத்து கிராமை ஒட்டித்தான் சர்க்கரை இருக்கும். 200 மில்லி என்றால் நாலைந்து டீஸ்பூன். வீட்டுக் காபியில் அவ்வளவு போட்டால் யாராவது குடிப்போமா? வரியும் அப்படியே, உள்ளூர் வெளியூர் பார்ப்பதில்லை. 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது 28 சதவீதமும் மேல்வரி 12-ம். 2025 செப்டம்பர் 22 முதல் நேராக 40. பத்து ரூபாய் பாட்டிலில் ஏறக்குறைய 2 ரூபாய் 85 பைசா வரிக்கே போய்விடுகிறது.

என் தீர்ப்பு இது. பிரியாணிக்குப் பவண்டோ, அதில் பேச்சே இல்லை. நெய் ஏறிய நாக்கை அந்தத் திராட்சைப் புளிப்பு கழுவிவிடுகிறது. வயிறு கனத்து ஓர் ஏப்பம் வந்தால் தேவலை என்றிருக்கும்போது தம்ஸ் அப். பத்துப் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் என்றால் காம்பா. கோக்கை நானாகப் போய் வாங்குவதில்லை, யாராவது கொடுத்தால் குடிப்பேன்.

ஆனால் தீர்ப்பு சொல்கிறவன் நான் இல்லை என்பது போன வாரம் தெரிந்தது. அண்ணாச்சி கடையில் பவண்டோ கேட்டேன். வாசலில் கண்ணாடிக் கதவு போட்ட பெரிய ஃப்ரிட்ஜ் விளக்கெரிய நிற்கிறது. அதைத் திறக்காமல், உள்ளே அரிசி மூட்டைக்குப் பின்னால் போய் ஒரு பாட்டிலை எடுத்து வந்து வேட்டியில் துடைத்துக் கொடுத்தார்.

"கூலிங்கா இல்லையா அண்ணாச்சி?"

"ஃப்ரிட்ஜ் கம்பெனிக்காரன் குடுத்தது தம்பி. அவன் சரக்கைத்தான் வைக்கணும். நாளைக்கு லைன்ல வருவான், வேற பாட்டிலைப் பாத்தா மூஞ்சியத் தூக்கிக்குவான்."

"அப்ப இத எப்படிக் குடிக்கறது?"

"வீட்டுல கொண்டுபோய் வைங்க, ஒரு மணி நேரம். பிரியாணி எங்க ஓடிரப்போகுது?"