டிவியை அணைத்துவிட்டு ஆடிப் பாருங்கள்: நின்டெண்டோ ஸ்விட்ச்சில் நடனம் பழகிய அனுபவம்

நடனம் பழகுவதற்காக நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற வீடியோ கேம் கருவியை வாங்கலாமா என்று கேட்பவர்களிடம், தாராளமாக வாங்கலாம் என்றுதான் சொல்கிறேன். கூடவே ஒன்றையும் சொல்லிவைக்கிறேன்: திரையில் ஏறும் மதிப்பெண் உங்கள் வலது கைக்கு உரியது. காலுக்கும் இடுப்புக்கும் தோளுக்கும் மதிப்பெண் போட வேண்டியவர் நீங்கள்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் இந்தச் சின்னப் பெட்டி பல ஆண்டுகள் உழைக்கும்.

என்னிடம் இருப்பது 2021 அக்டோபரில் வெளிவந்த ஓலெட் மாதிரி. அதன் 7 அங்குலத் திரை கண்ணைப் பறிக்கும். ஆனால் நடனத்துக்கு அதனால் பயனில்லை. டிவியோடு இணைக்கும் டாக் என்ற தாங்கியில் செருகி, டிவியில் போட்டு, இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றால்தான் ஆட முடியும். வாங்கிய புதிதில் கிடைத்த விளையாட்டுகளையெல்லாம் ஆடிப் பார்க்கும் வேகம் இருந்தது. அந்த வேகத்தை நான் மதிக்கிறேன். வேலை முடிந்து களைத்து வந்த உடம்பைச் சோபாவிலிருந்து எழுப்பியது அதுதான். போகப் போக மற்ற விளையாட்டுகள் ஒவ்வொன்றாகக் கை நழுவின. திரையில் ஆடுபவரைப் பார்த்து ஆடும் ஜஸ்ட் டான்ஸ் மட்டும் தங்கிவிட்டது.

யூபிசாஃப்ட் நிறுவனம் 2009இல் நின்டெண்டோவின் பழைய வீ கருவிக்காகத் தொடங்கிய வரிசை இது. நான் ஆடுவது 2022 நவம்பரில் வந்த 2023 பதிப்பு. 40 பாடல்கள் இருக்கின்றன. மேலும் வேண்டுமென்றால் மாதச் சந்தா கட்டலாம். கடையில் வாங்கினாலும் பெட்டிக்குள் விளையாட்டு அட்டை இருக்காது, தரவிறக்கக் குறியீடுதான் இருக்கும். ஆகவே நல்ல இணைய இணைப்பு இல்லாத வீட்டுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இது எப்படி அளக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது முக்கியம். வலது கையில் பிடிக்கும் ஜாய்கான் என்ற சின்னக் கைப்பிடிக்குள் முடுக்கத்தை உணரும் கருவியும் சுழற்சியை உணரும் கருவியும் இருக்கின்றன. கை எந்தக் கணத்தில், எந்தத் திசையில், எவ்வளவு விசையோடு வீசப்படுகிறது என்பதை அவை சொல்ல, விளையாட்டு அதை நடன அமைப்போடு ஒப்பிடுகிறது. ஒரு பாட்டுக்கு அதிகபட்சம் 13,333 புள்ளிகள். 10,000 தொட்டால் ஐந்து நட்சத்திரம். 12,000 தாண்டினால் மெகாஸ்டார். கால் எங்கே விழுந்தது என்று இதற்குத் தெரியாது. உட்கார்ந்துகொண்டே கையை மட்டும் சரியாக வீசினாலும் நட்சத்திரங்கள் விழும்.

மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் கருவியோடு இணைத்து ஆடும் கினெக்ட் இந்த வகையில் ஒரு படி மேலே இருந்தது. அதன் கேமரா முழு உடம்பையும் பார்த்தது. 2010இல் அதற்கென வந்த டான்ஸ் சென்ட்ரல் என்ற விளையாட்டு, எந்தக் கை அல்லது கால் பிசகுகிறதோ அதைச் சிவப்பாகக் காட்டியது. ஓர் அசைவைத் தனியாகப் பிரித்து மெதுவாக ஓட்டிப் பழகவும் வழி வைத்தது. 2017இல் கினெக்ட் தயாரிப்பு நின்றுபோனது நடனம் பழகுபவர்களுக்கு உண்மையான இழப்பு. என்னிடம் உள்ள ஜஸ்ட் டான்ஸ் பதிப்பில் பாட்டை மெதுவாக்க வழியில்லை. இந்தக் கருவியில் எனக்கு இருக்கும் மிகப் பெரிய குறை இதுவே.

மெதுவாக்குவது ஏன் அவ்வளவு முக்கியம் என்பது பரதநாட்டியம் பழகியவர்களுக்குச் சொல்லாமலே புரியும். சிறு வயதில் நான் கற்ற வகுப்பில், ஆசிரியரின் தட்டுக்கழி ஒலிக்க, தட்டடவு என்னும் அடிப்படைக் கால் அசைவு ஒன்றையே முதல் காலம் என்னும் மெதுவான வேகத்தில் நிறுத்தி நிறுத்தி ஆடுவோம். பிறகு இரட்டை வேகத்தில் இரண்டாம் காலம், அதற்கும் இரட்டையாக மூன்றாம் காலம். மூன்றாம் காலத்தில் அடுத்து எந்தக் கால் என்று யோசிக்க நேரமே இருக்காது. யோசிக்காமல் கால் விழ வேண்டும் என்பதற்காகத்தான் முதல் காலத்தில் அத்தனை நாள், முழங்கால் மடக்கி நிற்கும் அரைமண்டியில் நிறுத்தினார்கள். ஜஸ்ட் டான்ஸ் நம்மை நேராக மூன்றாம் காலத்தில் இறக்கிவிடுகிறது. முதல் இரண்டு காலங்களை நாமே அமைத்துக்கொள்ள வேண்டும்.

நான் அமைத்துக்கொண்ட முறையைச் சொல்கிறேன். புதுப் பாட்டை முதலில் கருவியைத் தொடாமல் நின்றபடியே பார்க்கிறேன். பல்லவி போலத் திரும்பத் திரும்ப வரும் பகுதிதான் பாட்டில் பாதி. அதன் கால்வைப்பை மட்டும், இசையில்லாமல், வாயால் எண்ணிக்கொண்டு மெதுவாக நடக்கிறேன். கால் நின்ற பிறகே கை. அதற்குப் பிறகுதான் ஜாய்கானைக் கையில் எடுப்பது. இப்படிச் செய்தால் முதல் சில ஆட்டங்களில் புள்ளிகள் குறைவாகவே வரும், ஏனென்றால் கவனம் காலில் இருக்கிறது. அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

திரையின் கீழ்ப்பக்கம் அடுத்த அசைவைக் காட்டும் சின்னச் சின்னப் படங்கள் ஓடிக்கொண்டே இருக்கும். கண் அவற்றைத் தேடுகிற வரைக்கும் நடனம் இன்னும் உடம்புக்குள் இறங்கவில்லை என்று அர்த்தம். ஆகவே ஒரு பாட்டில் ஐந்து நட்சத்திரம் வந்ததும் டிவியை அணைத்துவிட்டு, பாட்டை மட்டும் ஒலிக்கவிட்டு ஆடிப் பார்க்கிறேன். அடுத்த நாள் சன்னலைப் பார்த்து நின்று அதே ஆட்டம். திரையில் ஆடுபவர் கண்ணாடிப் பிம்பம் போலத்தான் ஆடுவார்; திரையின் வலப்பக்கம் எழும் கை நம் வலது கை. முகம் வேறு திசைக்குத் திரும்பியும் அசைவு பிசகாமல் வந்தால் அது நம்முடையதாகிவிட்டது. “சித்தி, டிவி ஓடாமலே ஆடுகிறீர்களே!” என்று அக்காள் மகள் வியந்த அன்று எனக்கு எந்த மெகாஸ்டாரும் தராத மகிழ்ச்சி கிடைத்தது.

தசை நினைவு என்று நாம் அழைக்கும் இந்தத் திறன், நிகழ்ச்சிகளையும் பெயர்களையும் நினைவில் வைக்கும் மூளைப் பகுதியை நம்பி இருப்பதில்லை. இதைத் தெளிவாகக் காட்டியவர் அமெரிக்கரான ஹென்றி மோலிசன். வலிப்பு நோய்க்காக 1953இல் நடந்த மூளை அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவரால் புதிய நிகழ்ச்சி எதையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு நட்சத்திர வடிவத்தைச் சுற்றிக் கோடு போடும் பயிற்சியை ஆய்வாளர் பிரெண்டா மில்னர் அவருக்குக் கொடுத்தார். நாளுக்கு நாள் அவர் கை தேறியது. முந்தைய நாள் அதைச் செய்ததாக அவருக்கு நினைவே இல்லை! கண்ணாடிப் பிம்பத்தைப் பார்த்துக் கை பழகுவது என்ற வகையில் நாம் திரைக்கு முன் செய்வதும் அதற்கு நெருங்கிய வேலைதான்.

தூக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. 2002இல் தூக்க ஆய்வாளர் மாத்யூ வாக்கர் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், விரல்களால் ஒரு வரிசையைத் தட்டிப் பழகியவர்களின் வேகம், ஓர் இரவு தூங்கி எழுந்த பிறகு, கூடுதல் பயிற்சி இல்லாமலே ஏறத்தாழ 20 சதவீதம் கூடியிருந்தது. என் அனுபவமும் அந்தப் பக்கமே நிற்கிறது. இரவில் திரும்பத் திரும்பச் சிக்கிய ஒரு திருப்பம் மறுநாள் மாலை தானாக அவிழ்ந்துகொள்வதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அதனால் ஒரே பாட்டை ஒரே இரவில் அடித்துத் துவைப்பதை விட்டுவிட்டேன். இரண்டு மூன்று பாட்டுகளை மாற்றி மாற்றி ஆடிவிட்டுப் படுக்கப் போகிறேன்.

வாங்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய சில விஷயங்கள். டிவியில் படம் பிந்தாமல் வரச் செய்யும் கேம் மோட் இருந்தால் கட்டாயம் போடுங்கள். 2021 செப்டம்பரில் வந்த மென்பொருள் மேம்பாட்டுக்குப் பின் ஸ்விட்ச்சில் புளூடூத் ஸ்பீக்கர் இணைக்கலாம்; ஆனால் நடனத்துக்கு வேண்டாம். ஒலி சற்றுப் பிந்தி வரும். உடம்பு அந்தப் பிந்திய தாளத்தையே பழகிக்கொள்ளும். அப்படிப் பழகிய தாளத்தை மாற்றுவது புதிதாகக் கற்பதைவிடக் கடினம். டிவியின் ஒலியோ, கம்பி வைத்த ஸ்பீக்கரோ போதும். ஜாய்கானின் மணிக்கட்டுப் பட்டையைப் போடாமல் ஆடாதீர்கள். டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு குதிப்பது முழங்காலுக்கு ஆகாது, கீழ்வீட்டுக்காரர்களுக்கும் ஆகாது. கனமான ரப்பர் விரிப்பு ஒன்று இரண்டையும் தீர்க்கும்.

பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் இரண்டிலும் இதே விளையாட்டுக்குக் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு ஆட வேண்டும். ஜாய்கான் ஏறக்குறைய 50 கிராம்தான், விரல்களுக்குள் அடங்கிவிடும். கை லேசாக இருப்பதால் மணிக்கட்டைத் தளரவிட முடிகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே நடனத்துக்கு நான் ஸ்விட்ச் பக்கம் நிற்பேன்.

2025 ஜூனில் ஸ்விட்ச் 2 வந்துவிட்டது. திரை பெரியது, வேகமும் கூடுதல். எனக்கும் ஆசை இருக்கிறது. ஆனால் நடனத்துக்காக மட்டும் என்றால் பழைய ஸ்விட்ச்சை மாற்ற வேண்டிய அவசியம் எதுவும் தெரியவில்லை. நல்ல நிலையில் உள்ள பழைய கருவி ஒன்று குறைந்த விலைக்குக் கிடைத்தால் வாங்கிக்கொண்டு, மிஞ்சும் பணத்தில் ரப்பர் விரிப்பையும் ஆளுயரக் கண்ணாடி ஒன்றையும் வாங்குங்கள். ஜாய்கானுக்குத் தெரியாத கால்களைக் கண்ணாடி காட்டிவிடும்.