ரீடர் அலாரம் அடித்தால்: அணைத்துப் போடுவதா, சோதனை டேக்கை எடுப்பதா?

மாட்டின் காதில் போடும் மின்னணு அடையாள வில்லையை (டேக்) படிக்கும் கை ரீடர் ‘டேக் இல்லை’ என்று காட்டியதும் நம்மில் பலர் உடனே அதை அணைத்து மறுபடி போடுகிறோம். அதற்கும் மசியாவிட்டால் ஃபேக்டரி ரீசெட். இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு வழி உண்டு. எந்த மாட்டுக்கும் போடாத, எண் தெரிந்த டேக் ஒன்றைப் பையில் வைத்திருந்து அதைப் படிக்கச் சொல்வது. என் ஓட்டு அதற்குத்தான்.

அணைத்துப் போடுவதைக் குறை சொல்ல முடியாது. திரை உறைந்தாலோ, ப்ளூடூத் அறுந்து மறுபடி சேராவிட்டாலோ அதுவே போதும். ஆனால் பேட்டரி எச்சரிக்கையில் இது நம்மை ஏமாற்றிவிடும். சற்று ஓய்ந்த பேட்டரியில் மின்னழுத்தம் கொஞ்சம் மீளும், எச்சரிக்கை மறையும். ஆன்டெனா மறுபடி மின்சாரம் இழுத்ததும் விழுந்துவிடும். குளிரில் இன்னும் சீக்கிரம். ‘ஏற்கெனவே படித்தது’ என்ற அலாரம் இன்னொரு வகை. அது பழுதே இல்லை, ரீடர் சேமிக்கும் பட்டியலில் அதே எண் முன்பே இருக்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு முறை போடும்போதும் புதிய பட்டியல் திறக்கும்படி அமைத்திருந்தால் அலாரம் போய்விடும், ஆனால் ஒரே மாடு இரண்டு முறை கணக்கில் ஏறும்.

சரி, ‘டேக் இல்லை’ என்பதற்கு வருவோம். ரீடரை எடுத்துக்கொண்டு, மாட்டை நிறுத்தும் கூண்டின் இரும்புக் கம்பிகளை விட்டு வெட்டவெளிக்குப் போங்கள். சோதனை டேக்கை ஒரு சாண் தூரத்தில் பிடித்து, மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஒரு கோணத்தில் பீப் வரும், இன்னொரு கோணத்தில் வராது. டேக்குக்குள் இருக்கும் சுருள் ஆன்டெனாவுக்கு எப்படி நிற்கிறது என்பதே காரணம். வெளியே படித்து, கூண்டருகே படிக்கவில்லை என்றால் ரீடர் நலம். குற்றவாளி இரும்போ, மின் இரைச்சலோதான். இந்த டேக்குகள் வேலை செய்வது 134.2 கிலோஹெர்ட்ஸில். மோட்டாரின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, மலிவான சார்ஜர், சில விளக்குகள் எல்லாம் அந்த அலைவரிசைப் பக்கம் இரைச்சலைக் கொட்டும். ஒருமுறை எனக்கு ஒரு சாண் தூரம் நாலு விரற்கடையாகச் சுருங்கியது. பக்கத்துச் சுவரில் இருந்த சார்ஜரைப் பிடுங்கியதும் பழைய தூரம் வந்தது. அன்று எத்தனை முறை அணைத்துப் போட்டிருந்தாலும் பலன் இருந்திருக்காது.

பையில் ஒன்றல்ல, வகைக்கு ஒன்றாக இரண்டு டேக் வைத்திருப்பது நல்லது. விலங்கு டேக்குகளுக்கான ஐஎஸ்ஓ 11785 என்ற சர்வதேசத் தரத்தில் இரண்டு வகை உண்டு. எஃப்டிஎக்ஸ்-பி, ரீடரின் காந்தப்புலம் இருக்கும்போதே பதில் சொல்லும். எச்டிஎக்ஸ், அந்த ஆற்றலைச் சேமித்து வைத்துக்கொண்டு, புலம் நின்ற பிறகு பேசும். ஒன்று படித்து மற்றது படிக்காவிட்டால் ரீடரின் அமைப்பில் அந்த வகை அணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டும் நன்றாகப் படித்து, மாடுகளிடம் மட்டும் தவறினால், இரண்டு மாடுகள் காதோடு காது நெருங்கி நிற்கின்றனவா என்று கவனியுங்கள். இரண்டு டேக் ஒரே நேரத்தில் பேசினால் ரீடருக்கு இரண்டுமே புரியாமல் போகலாம்.

‘சரிபார்ப்புப் பிழை’ வந்தால் எண் வந்தது, ஆனால் சிதைந்து வந்தது என்று பொருள். இன்னும் கிட்டே கொண்டுபோனாலே பெரும்பாலும் தீரும்.

ஃபேக்டரி ரீசெட்டை நான் கடைசியில்தான் வைப்பேன். யாரோ அமைப்புகளைக் கண்டபடி மாற்றிவிட்டார்கள் என்றால் அது உதவும். ஆனால் ப்ளூடூத் இணைப்பு போகும், பல ரீடர்களில் சேமித்த பட்டியலும் போகும். அதனால் முதலில் எண்களைக் கணினிக்கு மாற்றிவிடுங்கள். முழு சார்ஜில், வெட்டவெளியில், எந்தக் கோணத்திலும் சோதனை டேக்குகள் இரண்டையும் படிக்கவில்லை என்றால் ரீசெட்டில் நேரம் போக்க வேண்டாம். ஆன்டெனாப் பக்கத்து உறையில் விரிசலோ ஈரமோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் சர்வீஸுக்கு அனுப்புங்கள்.