‘என் சரித்திரம்’: இந்த முறை அப்பா பக்கம்

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் மளிகை வாங்கப் போன இடத்தில் உ.வே.சாமிநாதையரின் தன்வரலாறான ‘என் சரித்திரம்’ கண்ணில் பட்டது. 32 வெள்ளி. உயர்நிலை ஒன்றில் ஸ்டாம்ஃபோர்டு ரோட்டுப் பழைய நூலகத்தில் இரவல் எடுத்து, தாமதக் கட்டணம் கட்டிப் படித்த புத்தகம். அந்தச் செங்கல் கட்டடத்தை 2004-இல் மூடி, சுரங்கப்பாதைக்காக இடித்தே விட்டார்கள்.

அன்று எனக்கு அது ஒரு பையன் கதை. உத்தமதானபுரத்து வேங்கடராமன் தமிழ்ப் பைத்தியம் பிடித்து அலைகிறான்; மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்கிறான்; அவர் சாமிநாதன் என்று பெயர் மாற்றுகிறார். அவ்வளவுதான் நினைவில் இருந்தது.

இப்போது அந்தப் பையனின் அப்பா வேங்கட சுப்பையர்தான் என்னை விடமாட்டேன் என்கிறார். சங்கீதத்தை நம்பிப் பிழைத்தவர், மகனும் பாடகனாக வேண்டும் என்று ஆசைப்பட்டவர். ஆனாலும் அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என்று தமிழ் சொல்லித்தர ஆள் கிடைத்த ஊருக்கெல்லாம் மகனுக்காக நடையாய் நடக்கிறார். நான் சனிக்கிழமைதோறும் மகனை சுவா சூ காங்கிலிருந்து ஈசூனுக்கு உயர்தமிழ் டியூஷனுக்குக் கூட்டிப் போவதற்கே முணுமுணுக்கிறவள். புத்தகத்தில் முக்கால்வாசி அங்கே புளோக்குக்குக் கீழே கல் பெஞ்சில் உட்கார்ந்து படித்ததுதான்.

1880-இல் கும்பகோணத்தில் முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கும் இடம் இன்னும் அப்படியே சுடுகிறது. படித்த அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ் எல்லாவற்றையும் ஐயர் அடுக்குகிறார். முதலியார் முகத்தில் அசைவே இல்லை. பழைய காப்பியமான சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். இல்லை. சின்ன வயதில் முதலியார்மேல் கோபம் வந்தது. எண்பது தாண்டிய கிழவர், தமிழ்த் தாத்தா என்று ஊரே கும்பிட்ட பிறகும், அன்று பட்ட வெட்கத்தைப் பூசி மெழுகாமல் எழுதியிருக்கிறாரே என்று இப்போது தோன்றுகிறது. அந்தச் சிந்தாமணியை அவர் 1887-இல் பதிப்பித்தார்.

திருவாவடுதுறை மடத்து விசேஷங்கள், வந்துபோன பிரபுக்கள் வரும் பக்கங்களில் எனக்குக் கொட்டாவிதான், தாண்டிவிட்டேன். விகடனில் தொடராக வந்துகொண்டிருந்தபோதே 1942 ஏப்ரலில் ஐயர் காலமானதால் கதை நடுவில் நின்றுபோகிறது. தெரிந்திருந்தும் கடைசிப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

உள்ளே இருப்பதற்கு ஐந்துக்கு ஐந்து. நான் வாங்கிய பதிப்பின் கட்டுக்கு ஒன்றரை கொடுப்பதே அதிகம். பொடி எழுத்து, வெறும் பசை. மூன்றாவது வாரமே தாள் கழன்றது. மகன் செலோடேப் போட்டு ஒட்டிக் கொடுத்தான். செங்கணம் வரும் தாள் இப்போது தலைகீழாக நிற்கிறது.