இன்டர்வியூ பயிற்சி, வேலைக்கு கேரண்டி என்று யாராவது பணம் கேட்டால் இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்

இன்டர்வியூவுக்குப் பயிற்சி கொடுத்து வேலையும் வாங்கித் தருகிறோம் என்று சொன்ன ஓர் இடத்தில் என் தம்பிக்காக 38,500 ரூபாய் கட்டினேன். வேலையும் இல்லை, பணமும் இல்லை. நேற்று சாயங்காலம் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். அந்த ஆத்திரத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்டர்வியூவுக்கு உண்மையில் எப்படித் தயாராக வேண்டும் என்று தெரிந்துகொண்டதையும் கடைசியில் சொல்கிறேன்.

கோவையில் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், மாடியில் இருக்கிற ஒரு பயிற்சி மையம். பெயரைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் அனுப்புவோம் என்று மிரட்டியிருக்கிறார்கள். புகார் கொடுக்கப் போகிற நேரத்தில் அந்த வம்பு வேண்டாம் என்று விடுகிறேன். இந்த மாதிரி இடம் ஊருக்கு நாலு இருக்கும்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பில்லிங் பார்க்கிறேன். தம்பி மெக்கானிக்கல் முடித்தவன். மார்க்கெல்லாம் நன்றாகவே இருக்கிறது. எழுத்துத் தேர்வு வரைக்கும் சுலபமாகப் போய்விடுவான். எதிரே நாலு பேர் உட்கார்ந்து இங்கிலீஷில் கேட்டால் தெரிந்த பதில்கூட வாயில் வராது. அதைச் சரி செய்யத்தான் அவனைக் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே கவுன்சிலர் என்று ஒரு அம்மா. "உட்காருங்க அக்கா, திருப்பூர்ல இருந்து பஸ்லயா வந்தீங்க? மொதல்ல டீ குடிங்க" என்றார். தானும் பொள்ளாச்சிப் பக்கம்தான் என்றார். சுவர் முழுக்க வேலை கிடைத்த பிள்ளைகளின் போட்டோ, ஒவ்வொன்றுக்கும் கீழே பெரிய பெரிய கம்பெனி பெயர். அப்புறம் தம்பியை எழுந்து நிற்கச் சொல்லி, "உன்னைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லு தம்பி" என்றார். அவன் திக்கித் திணறிச் சொல்லி முடித்ததும் அந்த அம்மா கை தட்டினார். "பாருங்க அக்கா, பையன்கிட்ட எல்லாமே இருக்குதுங்க. கொஞ்சம் தட்டிக் கொடுத்தாப் போதும், மூணு மாசத்துல வேலையில இருப்பான். இனி அவன் எங்க பொறுப்புங்க."

தம்பி சிரித்தான். வரிசையாக ரிஜெக்ட் ஆகி வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் பணத்தை எடுத்தேன்.

"வேலை கிடைக்கலைனா?" என்று கேட்காமலும் இல்லை. "முழுப் பணமும் ரிட்டர்ன்ங்க அக்கா" என்று சொல்லி, நோட்டீஸின் பின்பக்கத்தில் நீல பேனாவால் '100% ரிட்டர்ன்' என்று எழுதி, அதைச் சுற்றி வட்டமும் போட்டுக் கையில் கொடுத்தார். சீட்டு எடுத்த பணமும் தீபாவளி போனஸில் மிச்சம் வைத்திருந்ததும் சேர்த்து 35,000 ரூபாய். ஜிபேயில் அனுப்பும்போது மையத்தின் பெயர் வரவில்லை, யாரோ ஒரு ஆளின் பெயர் வந்தது. கேட்டேன். "எங்க அக்கவுன்டன்ட்தானுங்க அக்கா" என்றார்.

பக்கத்து மேஜையில் தாராபுரத்திலிருந்து வந்த ஒரு பெண் குரூப் 4 இன்டர்வியூ பேக்கேஜுக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தது. இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. டிஎன்பிஎஸ்சி குரூப் 4-க்கு இன்டர்வியூவே கிடையாது. எழுத்துத் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு, அவ்வளவுதான். மத்திய அரசிலும் குரூப் சி வேலைகளுக்கும் கெசட்டட் அல்லாத குரூப் பி வேலைகளுக்கும் 2016 ஜனவரியிலிருந்தே நேர்முகத் தேர்வை எடுத்துவிட்டார்கள். இல்லாத இன்டர்வியூவுக்குக் கூச்சமில்லாமல் காசு வாங்குகிறார்கள்.

பயிற்சி என்று என்ன கொடுத்தார்கள் தெரியுமா? ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஜெராக்ஸ் புத்தகம் ஒன்று. கேள்வியும் அவர்களே, பதிலும் அவர்களே. 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்' என்றால் இந்தப் பத்தி, பலம் என்ன என்றால் 'ஹார்ட் வொர்க், டீம் வொர்க்', பலவீனம் என்ன என்றால் 'ஐ ஆம் எ பெர்ஃபெக்‌ஷனிஸ்ட்'. வகுப்பில் இருந்த எல்லாரும் அதையே மனப்பாடம் செய்தார்கள். காலேஜில் தான் செய்த புராஜெக்டைப் பற்றிச் சொல்லட்டுமா என்று தம்பி கேட்டதற்கு, "அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க, புக்ல இருக்கிறதைச் சொல்லு" என்று உட்கார வைத்துவிட்டார்களாம்.

அவனாகவே விண்ணப்பித்து ஒரு ஆட்டோ உதிரிபாகக் கம்பெனியில் இன்டர்வியூ வந்தது. அதே மையத்துப் பையன்கள் இன்னும் ரெண்டு பேர் அங்கே வந்திருந்தார்கள். தம்பி 'பெர்ஃபெக்‌ஷனிஸ்ட்' என்று ஆரம்பித்ததும் எதிரே இருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இதையே இன்னைக்குக் காலையில இருந்து கேட்டுட்டு இருக்கேன்பா. சரி, ரெஸ்யூமை எடு" என்றாராம். ரெஸ்யூமில் இருந்துதான் கேள்வி. புராஜெக்டில் ஷாஃப்ட்டை எதில் அளந்தாய்? மைக்ரோமீட்டரில். அதன் லீஸ்ட் கவுன்ட் என்ன? 0.01 மில்லிமீட்டர். ஏன் வெர்னியரில் அளக்கவில்லை? இதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுகிற பிள்ளை. மூன்று மாதம் அந்த ஜெராக்ஸை உருப்போட்டு உருப்போட்டு, எந்தப் பக்கத்துப் பதில் என்று தேடிக்கொண்டு நின்றிருக்கிறான். போச்சு.

மையத்தில் போய்ச் சொன்னதும், எங்கள் டை-அப் கம்பெனியில் எடுத்துவிட்டோம் என்று போனிலேயே ஒரு இன்டர்வியூ வைத்து, மறுநாளே ஆஃபர் லெட்டர் அனுப்பினார்கள். எல்லாருக்கும் தெரிந்த பெரிய கம்பெனியின் பெயர், லோகோ, சம்பளம் எல்லாம் இருந்தது. சர்டிபிகேட் வெரிஃபிகேஷனுக்கு 3,500 ரூபாய் கட்ட வேண்டும், சேர்ந்ததும் முதல் சம்பளத்தோடு திரும்ப வந்துவிடும் என்றார்கள். கட்டினோம். ஆக 38,500. சேர வேண்டிய தேதி தள்ளிக்கொண்டே போனது. மெயிலை நன்றாகப் பார்த்தால் சாதாரண ஜிமெயில் முகவரி. கம்பெனியின் சொந்த வெப்சைட்டில் இருந்த நம்பருக்குத் தம்பி கூப்பிட்டான். அப்படி ஒரு ஆஃபரே தரவில்லை, வேலைக்கு யாரிடமும் பணம் வாங்குவதில்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்கள்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது அலைக்கழிப்பு. "சார் மீட்டிங்ல இருக்காருங்க." "அந்த மேடம் ரிசைன் பண்ணிட்டாங்களே." "லெட்டர் நாங்க அனுப்பலைங்க, கன்சல்டன்சிக்காரங்க அனுப்பினது." ரிட்டர்ன் ஃபாரம் என்று ஒன்றை நிரப்பச் சொன்னார்கள், முப்பது வேலை நாள் ஆகும் என்றார்கள். முப்பதும் போன பிறகு, "உங்க தம்பிக்கு ஆட்டிட்யூட் சரியில்லைங்க, அதுக்கு நாங்க என்ன பண்றது?" என்கிறார் ஒரு பெண், வயது இருபதுகூட இருக்காது.

லீவு போட்டுவிட்டு நேரில் போனேன். முதலாளி என்கிறவர் ரசீதைக் கையில் வாங்கி, ஒரு வரியை விரலால் தட்டிக் காட்டினார். 'ரெஜிஸ்ட்ரேஷன் அண்ட் மெட்டீரியல்' என்று இருந்தது. "மெட்டீரியல் கொடுத்தாச்சுங்களே. அதுக்கு ரிட்டர்ன் கிடையாதுங்க." அந்த ஜெராக்ஸ் புத்தகத்துக்கு 35,000 ரூபாயாம்! நோட்டீஸில் எழுதிக் கொடுத்ததைக் காட்டினேன். "யாரோ பேனாவுல எழுதினதுக்கு நாங்க எப்படிங்க பொறுப்பாக முடியும்?" என்றார். ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு, முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

அந்தச் சுவர் போட்டோ சமாச்சாரத்தையும் சொல்லிவிடுகிறேன். அதில் இருந்த ஒரு பையனைத் தம்பி லிங்க்டுஇன்னில் தேடிப் பிடித்தான். அவனுக்கு வேலை கிடைத்தது காலேஜ் கேம்பஸில். இவர்களிடம் இலவச டெமோ வகுப்புக்கு மட்டும் வந்து போனானாம். தன் போட்டோ அங்கே தொங்குவது அவனுக்கே தெரியவில்லை.

நிறைய எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

வேலைக்கென்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். டெபாசிட், வெரிஃபிகேஷன், லேப்டாப், யூனிஃபார்ம் எதுவானாலும் சரி. ஆஃபர் வந்தால் கம்பெனியின் சொந்த நம்பரில் கேட்டு உறுதி செய்யுங்கள். தனி ஆள் கணக்குக்குப் பணம் போடச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ரசீதில் எதற்கான பணம் என்று எழுதியிருப்பதை அங்கேயே நின்று படியுங்கள். ரிட்டர்ன் உண்டென்றால் சீலும் கையெழுத்தும் வேண்டும்.

இன்டர்வியூவுக்கு, ரெஸ்யூமில் இருக்கிற ஒவ்வொரு வரியைப் பற்றியும் சொந்த வார்த்தையில் பேசத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டின மாதிரி. வீட்டில் யாரையாவது எதிரே உட்கார வைத்துச் சத்தமாகப் பேசிப் பழகுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்துகிற தனியார் துறை முகாம்களுக்குக் கட்டணம் கிடையாது, இன்டர்வியூ பழகவாவது போய் வாருங்கள். காலேஜில் படிக்கிறவர்களுக்குத் தமிழக அரசின் 'நான் முதல்வன்' பயிற்சித் திட்டம் இருக்கிறது, அதுவும் இலவசம்.

ஆன்லைனில் பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். தாமதமானால் பணத்தை வேறு கணக்குக்கு மாற்றிவிடுவார்கள். பயிற்சி மையத்தின் மேல் நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், நாம் கட்டிய பணம் 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம். திருப்பூரில் போடுகிறேன். அந்த 38,500 ரூபாயை விடப் போவதில்லை.

கோவையில் இதே மாதிரி பேனாவில் எழுதிக் கொடுத்த நோட்டீஸோ 'மெட்டீரியல்' ரசீதோ உங்களிடம் இருந்தால் தூக்கிப் போடாமல் எனக்குத் தகவல் சொல்லுங்கள். நாலு பேராகச் சேர்ந்து போடலாம். தாராபுரத்துப் பெண்ணைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், குரூப் 4-க்கு இன்டர்வியூ இல்லை என்று தயவுசெய்து இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.