ஜவ்வு கிழிந்தால் ஆர்த்ராஸ்கோப்பியா, பயிற்சியா?

ஐம்பது வயதில் முழங்கால் வலி. ஸ்கேனில் ‘ஜவ்வு கிழிந்திருக்கிறது’ என்று வருகிறது; மூட்டெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸைத்தான் சொல்கிறார்கள். ஆர்த்ராஸ்கோப்பி என்றால் சின்னத் துளை போட்டுக் கேமராவை உள்ளே விடுவதுதான், கிழிந்ததை வெட்டி எடுத்தால் வலி போய்விடும் என்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது.

பின்லாந்து மருத்துவர்கள் இதைச் சோதித்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். 35 முதல் 65 வயது வரை 146 பேர். வயதோடு வந்த ஜவ்வுக் கிழிசல். மூட்டுத் தேய்மானம் இல்லை. எல்லோருக்கும் கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தபிறகே, யாருக்கு எது என்று குலுக்கல் முறையில் முடிவு செய்து வைத்திருந்த உறையைப் பிரித்தார்கள். சிலருக்கு ஜவ்வை வெட்டினார்கள். மற்றவர்களுக்கு நடிப்புதான்: வழக்கம்போல் கருவிகளைக் கேட்டு வாங்கி, காலை அசைத்து, ஜவ்வைச் செதுக்கும் ஷேவர் கருவியைப் பிளேடு இல்லாமல் முழங்கால் சில்லின்மேல் வெளியிலிருந்து அழுத்தினார்கள். நிஜ ஆபரேஷனுக்கு ஆகும் நேரம் முழுக்கத் தியேட்டரிலேயே வைத்திருந்தார்கள். 2013இல் முடிவு வெளிவந்தது. ஓராண்டுக்குப் பிறகு இரு தரப்பும் ஏறத்தாழ ஒரே அளவு தேறியிருந்தார்கள்.

அதே ஆண்டு அமெரிக்காவில், ஜவ்வுக் கிழிசலோடு தேய்மானமும் உள்ள 351 பேரிடம் ஆபரேஷனையும் பிசியோதெரபியையும் ஒப்பிட்டார்கள். ஆறு மாதத்தில் பெரிய வேறுபாடில்லை. ஆனால் பயிற்சிப் பக்கம் இருந்தவர்களில் 30 சதவீதம் பேர் அதற்குள் ஆபரேஷனுக்கு மாறிவிட்டார்கள். பயிற்சி எல்லோருக்கும் போதவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் முதலில் பயிற்சி என்பதே என் கட்சி. விளையாட்டில் அடிபட்டு, கால் நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டால் கதை வேறு.

சரி, இடுப்பு? பந்தும் கிண்ணமும் முட்டிக்கொள்ளும் மூட்டில் எலும்பைச் செதுக்கும் ஆர்த்ராஸ்கோப்பியை, 2018இல் வெளியான பிரிட்டன் ஆய்வு 348 பேரிடம் பிசியோதெரபியோடு ஒப்பிட்டது. ஓராண்டில், இடுப்பு எப்படி இருக்கிறது என்று நோயாளியே சொல்லும் நூறு மதிப்பெண் அளவுகோலில் ஆபரேஷன் 6.8 புள்ளி முன்னே நின்றது. நோயாளி உணரக்கூடிய மாற்றத்துக்கு 6.1 வேண்டும் என்று கணக்கு, நூலிழையில் தாண்டியிருக்கிறது. அங்கே நடிப்பு ஆபரேஷன் கிடையாது. அந்த 6.8இல் கத்தியின் பங்கு எவ்வளவு, நம்பிக்கையின் பங்கு எவ்வளவு என்று அதை வைத்துப் பிரிக்க முடியாது.

2021இல் வந்த இன்னொரு ஆய்வு என்னை யோசிக்க வைத்தது. எலும்பைச் செதுக்கியவர்களுக்கும் எலும்பைச் செதுக்காமல் மூட்டைக் கழுவியவர்களுக்கும் ஓராண்டில் வலியில் வேறுபாடு தெரியவில்லை. இரண்டு ஆண்டுக்குள் மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டதுதான் செதுக்கியவர்களுக்குக் குறைவு. இடுப்பில் ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. மூன்று மாதமாவது ஒழுங்காகப் பயிற்சி செய்து பார்க்காதவருக்குத் தேதி குறிப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.