மேல்முறையீடு: ஊர் வக்கீலா, மதுரை வக்கீலா?

சிவகங்கைப் பக்கம் முன்சீப் கோர்ட்டில் நில வழக்கு தோற்றுவிட்டது என்று வையுங்கள். பழைய வக்கீலே போதுமா, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஒருவரைப் பிடிப்பதா?

கெடு: முன்சீப் கோர்ட்டுக்கு மேலுள்ள சப் கோர்ட்டில் முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள். அங்கும் தோற்றால், மதுரையில் இரண்டாம் மேல்முறையீட்டுக்கு 90 நாள். தீர்ப்பின் நகல் கிடைக்க ஆகும் நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். அதனால் நகல் மனுவை உடனே போடுங்கள்.

செலவு: ஊர் வக்கீல் தவணையில் வாங்குவார். மதுரையில் ஃபீஸும் கூட, பஸ் செலவும் உண்டு.

கட்டு (வழக்குக் காகிதங்கள்): ஊர்க்காரருக்குப் பட்டா எத்தனையாவது பக்கம் என்பது மனப்பாடம். புதியவர் முதலிலிருந்து படிக்க வேண்டும். குறுக்கு விசாரணையில் நம்மவர் கேட்காமல் விட்டதும் புதியவர் கண்ணில்தான் படும். பழையவர் அதை ஒப்புக்கொள்வாரா, சொல்லுங்கள்!

வாதம்: இரண்டாம் மேல்முறையீட்டில் வேலியை யார் நகர்த்தினார் என்ற கதை பெரும்பாலும் எடுபடாது. சிவில் நடைமுறைச் சட்டம் 100-ஆம் பிரிவுப்படி முக்கியமான சட்டக் கேள்வி இருக்க வேண்டும். அதை எழுதுவது தனி வித்தை.

சப் கோர்ட் என்றால் ஊர் வக்கீல், இரண்டாம் மேல்முறையீடு என்றால் யோசிக்காமல் மதுரை. அப்புறம், நடந்துகொண்டிருக்கும் வழக்கில் ஆளை மாற்றினால் பழையவரிடம் ஆட்சேபணை இல்லை என்ற கையெழுத்தையும் கட்டையும் சேர்த்தே வாங்குங்கள்.